கூடப்பிறந்தவள்

“உங்கம்மாவுக்கு ரெண்டாங்கல்யாணம்னு சொல்லிட்டா என்ன?” என்றான் கணவன்.

டாக்ஸி சிக்னலில் நின்றிருந்தது. கைப்பைக்குள் அடையாள அட்டைகள் இருக்கின்றனவா என்று திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“மெதுவாப் பேசு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன். அவரு கார்டுல அப்பா பேரு வேற, உன் கார்டுல அப்பா பேரு வேற. கேப்பாங்களா இல்லையா? அம்மா ஒண்ணு, அப்பா வேறன்னு சொல்லிட்டா சரியாப் போயிடும். மொதப் புருஷனுக்கு அவரு, ரெண்டாவது புருஷனுக்கு நீ.”

“எங்கம்மா காதுல விழுந்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடும்.”

“காதுல எப்படி விழும்? இத்தனை கடல் தாண்டி?”

“பெரியப்பா மகன்னு சொல்லிடறேன். அதுவும் அண்ணன்தானே.”

“நமக்கு அண்ணன். இவங்களுக்கு அது செல்லாது. பெரியப்பா மகனை இவங்க கட்டிக்கலாம். கட்டிக்கிற முறை இருக்கிறவன் ஒரே வீட்ல இருக்கக் கூடாது. கூடப்பிறந்திருக்கணும். இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கே, இதுகூடத் தெரியாதா உனக்கு?”

தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

அண்ணன் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்த மனிதர் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டியில் கிடந்தார். டீ ஆறிப்போகிறதே என்று காலையில் அவர் அறைக் கதவைத் தட்டியவள் அவள்தான். விடுமுறை நாள், அசந்து தூங்குகிறார் போலிருக்கிறது என்று முதலில் விட்டுவிட்டாள். டீயைச் சூடாக்கி மறுபடி தட்டியபோதும் பதிலில்லை. கணவனைக் கூப்பிட்டு இருவருமாக உள்ளே போனார்கள். மனிதர் ஒரு கையைத் தலைக்குக் கொடுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தொட்டால் சில்லென்றிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்களிடம் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பொய்யைச் சொன்னது கட்டடத்துக் காவலாளி. யார் இறந்தது என்று அவர்கள் கேட்டதும், அவன் நெஞ்சில் கை வைத்து, இந்த அம்மாவின் அண்ணன், தங்கமான மனுஷன் என்று கண் கலங்கச் சொன்னான். பாவம், அவனுக்குத் தெரிந்த உண்மை அதுதான். அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டியதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் நடந்த சாவு என்பதால் போலீஸுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று பிற்பாடு போன் வந்தது. கூடப்பிறந்தவள் வரவேண்டுமாம்.

கூடப்பிறந்தவள்! அவருக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அந்த ஊரில் தனி ஆண்களுக்குக் குடும்பங்கள் இருக்கும் கட்டடத்தில் இடம் கிடையாது. ஒரு பெண் இருக்கும் வீட்டில் அவளுக்குக் கூடப்பிறக்காத ஆண் தங்கினால் அது குற்றம். வீட்டுக்காரன் கண்முன்னால் தங்கினாலும் குற்றம்தான். ஆனால் வாடகையைத் தனியாகத் தூக்க முடியாத குடும்பங்கள் யாரையாவது சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்வதும் நடந்துகொண்டுதான் இருந்தது. மாட்டாதவரை சரி. பின்தெருவில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைக்கூட எடுக்க விடாமல் விமானத்தில் ஏற்றப்பட்டது எல்லோருக்கும் தெரியும்.

இவர்கள் குடிவந்த அன்று, வாடகையில் பங்கு தர ஒப்புக்கொண்டிருந்த டைல்ஸ்காரர் ஃப்ரிட்ஜை முதுகில் சுமந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். வீட்டின் சொந்தக்காரர் எதிரே வந்து நின்று, இது யார் என்றார். கணவன் யோசிக்கவே இல்லை. “என் மச்சான். இவளோட அண்ணன்,” என்று அந்த ஊர் மொழியில் சொல்லிவிட்டான். ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து டைல்ஸ்காரர் ஒரு கையை எடுத்து மரியாதையாகச் சலாம் வைத்தார். அவளுக்கு அண்ணன் பிறந்த கதை இவ்வளவுதான்.

பொய்யாக வந்த அண்ணன் என்னவோ நிஜ அண்ணன்களைவிட ஒழுங்காகத்தான் இருந்தார். அவள் எழுந்திருப்பதற்கு முன்பே குளித்து முடித்துவிடுவார். சமையலறைக்குள் வருவதற்கு முன்னால் கூடத்திலேயே செருமுவார். தன் துணியைப் பொதுக் கொடியில் ஒருநாளும் போட்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் குனிந்து தரையை விரல்முட்டியால் தட்டிப் பார்த்து, “உள்ள காத்து இருக்கு, ஒட்டுனவன் சரியா ஒட்டலை” என்பார். அந்த ஒரு கெட்ட பழக்கத்தைத் தவிர அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையில் அவள் குரல் ஏறினால், “என்ன தங்கச்சி, மாப்பிள்ளையை இந்த வாங்கு வாங்குறே” என்று அறைக்குள்ளிருந்தே சிரிப்பார். பெண் பிறந்து, பேச்சு வந்து, அவரை மாமா என்று கூப்பிட்டது. பிள்ளைக்கு மட்டும் அது பொய்யே இல்லை.

போலீஸ் நிலையத்தில் பெண்களுக்குத் தனி பெஞ்சு. கணவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். கூடப்பிறந்தவளிடம் மட்டும் பேசினால் போதுமாம். அவன் கதவுவரை வந்து, “ரெண்டாங்கல்யாணம்” என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பயம் ஒரு நொடி மறந்தே போயிற்று.

அதிகாரி வயதானவர். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினார். அது மரியாதை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. அவர் தண்ணீர் புட்டி ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். காகிதக் கைக்குட்டைப் பெட்டியையும் தள்ளினார். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பக்கத்தில் இன்னொருவர் நின்றிருந்தார். நிலையத்து வண்டியோட்டி. தமிழர். அவள் பேசுவதைப் புரியவைக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இவருக்குத் தெரியும். இழுத்துப் பேசினால் தெரியும், தயங்கினால் தெரியும், யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதும் தெரியும்.

“ஆபீசர் ரொம்ப வருத்தப்படறாரு,” என்றார் வண்டியோட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு. “அவருக்கும் ஒரு தங்கச்சி இருக்காங்களாம்.”

அவள் தலையசைத்தாள்.

“இறந்துபோனவரு உங்க கூடப்பிறந்தவரா?”

“ஆமா.”

“அப்பா பேரு வேறயா இருக்காம். எப்படின்னு கேக்கறாரு.”

ஒரு பல் டாக்டரின் க்ளினிக்கில் நாள் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வது அவள் வேலை. ஒண்ணுமில்ல, திறங்க, வலிக்காது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வருவேனா என்றது. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, மறுகல்யாணம் என்று வாயெடுத்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பி, இவள் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய அம்மாவை நினைத்தாள்.

“எங்கம்மாவுக்கு ரெண்டு கல்யாணம்,” என்றாள்.

வண்டியோட்டி அதைச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நீளமாக ஏதோ பேசினார். குரலில் இரக்கம் இருந்தது.

“உடம்பை இங்கயே அடக்கம் பண்ணிடலாம், இல்லை ஊருக்கு அனுப்பலாம்னு சொல்றாரு,” என்றார் வண்டியோட்டி. “இங்கயேன்னா கூடப்பிறந்தவங்க நீங்க சரின்னு சொன்னாப் போதும். நாளைக்கே முடிச்சிடலாம். ஒரு தொந்தரவும் இல்லை. ஊருக்குன்னா அவரு மனைவி கேக்கணும். என்ன பண்ணலாம்னு நீங்கதான் சொல்லணும்.”

ஒரே ஒரு சரி. அதைச் சொன்னால் இந்த அறையிலிருந்து எழுந்து போய்விடலாம். யாருக்கும் போன் பண்ண வேண்டாம், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். கணவனின் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், தலைக்குமேல் இருக்கும் கூரை எல்லாம் தப்பிக்கும். நாளை இந்நேரம் பொய்யும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். வெளியே இருக்கிறவன் இதைக் கேட்டால் அவள் காலில் விழுந்து கும்பிடுவான். சரி என்று சொல்லத்தான் அவள் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள்.

“ஊருக்கு அனுப்பணும்,” என்றாள். “அவங்க வீட்ல முகத்தைப் பாக்கணும்.”

அதிகாரி முதல்தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்து, நல்லது என்பதுபோலத் தலையசைத்தார். பிறகு மேஜைமேலிருந்த போனைக் காட்டினார்.

“அப்ப அவங்க மனைவிக்கு இங்கிருந்தே போன் பண்ணுங்க,” என்றார் வண்டியோட்டி. “அனுப்பச் சொல்லி அவங்க வாயால சொல்லட்டும். அப்படியே…” அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அப்பா பேரு வேறயா இருக்கறதால, நீங்க தங்கச்சிதான்னும் அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லதாம். சும்மா ஃபைலுக்குத்தான்.”

அவள் போனைத் தொடவில்லை.

அவர் மனைவிக்குச் சாவுச் சேதி தெரியும். டைல்ஸ் வேலை மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிட்டார். இப்படி இவள் ஒருத்தி இருப்பதுதான் தெரியாது. பெண்டாட்டி மனசு சங்கடப்படும் என்று, நாலு ஆம்பளைகளோடு ரூமில் இருக்கிறேன் என்றே ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார் மனிதர். இங்கே ஒரு பொய், அங்கே ஒரு பொய். இரண்டுக்கும் நடுவில் அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

மேஸ்திரி கொடுத்திருந்த எண்ணைக் கைபேசியில் பார்த்துச் சொன்னாள். அதிகாரி அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். அறை முழுக்க மணியடித்தது. யாரோ எடுத்தார்கள். பின்னால் அழுகுரல்கள் கேட்டன.

“ஹலோ,” என்றது ஒரு பெண்குரல், கரகரத்து. “யாருங்க?”

“அண்ணி,” என்றாள் அவள். வாழ்நாளில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “அண்ணி, நான் உங்க நாத்தனார் பேசறேன்.”

அவள் போனுக்கு அருகில் குனிந்தாள்.

“நான் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன் அண்ணி. எதிர்ல ஆபீசர் இருக்காரு. பக்கத்துல தமிழ் தெரிஞ்சவரு ஒருத்தர் இருக்காரு. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

“எனக்கு ஏதுங்க நாத்தனாரு?” என்றது குரல். “அவரு கூடப் பொறந்தவங்க யாருமே இல்லியே. நீங்க யாரு?”

அதிகாரி புருவத்தை உயர்த்தி வண்டியோட்டியைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். வண்டியோட்டி போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அதுவரை பார்க்கவே பார்க்காத ஆள். அவள் கைகள் மடிமேல் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அவர் அதிகாரியிடம் சுருக்கமாக இரண்டு வார்த்தை சொன்னார். சரியாகக் கேட்கவில்லை என்கிற அந்த வார்த்தைகள் மட்டும் அவளுக்குப் புரிந்தன.

“லைன் சரியில்லை போல,” என்றார் அவளிடம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். “திரும்பப் பேசுங்க.”

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, அவரு எங்க வீட்லதான் இருந்தாரு. நான், எங்க வீட்டுக்காரர், எங்க பொண்ணு. பொண்ணு மாமான்னுதான் கூப்பிடும். உங்க அடுப்படித் தரை பேந்துபோயிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஊரு உலகத்துக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டுறேன், எம்பொண்டாட்டி சொரசொரன்னு சிமெண்டுத் தரையில நின்னு சமைக்கிறான்னு. அடுத்த தடவை வந்ததும் மொத வேலை அதுதான்னு சொல்வாரு.”

அந்தப் பக்கம் மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ, யாருடி அது என்று கேட்டார்கள். சும்மா இருங்க என்று அதட்டியது குரல்.

“நீங்க கேட்டாத்தான் அவரை அங்க அனுப்புவாங்க அண்ணி. இல்லன்னா இங்கயே மண்ணுல வெச்சிடுவாங்க. அப்புறம்…” அவள் அதிகாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “நான் யாருன்னும் நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்றதுதான்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவரில் குளிரூட்டும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அழுகுரல்கள்கூட அடங்கிவிட்டாற்போல் இருந்தது. தெரியாத ஒருத்தி, புருஷன் செத்த வீட்டில், தரையில் உட்கார்ந்து, தன் புருஷன் இன்னொருத்தி வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறான் என்பதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறாள். அவளிடம்தான் இவள் குடும்பத்தின் தலையெழுத்து இருக்கிறது. நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்கக்கூட இவளுக்குத் தைரியமில்லை.

“அந்தத் தமிழ்க்காரரைக் கேக்கச் சொல்லு,” என்றது குரல்.

வண்டியோட்டி குனிந்தார். “அம்மா, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“நாத்தனாரு.”

“உங்க வீட்டுக்காரரு கூடப்பிறந்தவங்களா?”

“ஆமா,” என்றது குரல். உடனே, அதட்டுவதுபோல, “அவரை அனுப்பிவைக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்க” என்று கதறியது. போன் கீழே விழும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது கணவன் சுவரோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன ஆச்சு?”

“அனுப்பறாங்க.”

அவன் முகம் வெளிறிப்போயிற்று. “யாரை? நம்மளையா?”

“அவரைங்க.”

நடந்ததைச் சொன்னாள். இங்கேயே அடக்கம் செய்திருக்கலாம் என்ற இடம் வந்ததும் அவன், “ஐயோ, சரின்னு சொல்லியிருந்தா நாளைக்கே முடிஞ்சிருக்குமேடி!” என்றான்.

“முடிஞ்சிருக்கும்.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். வாரக் கடைசியில் டைல்ஸ்காரரும் அவனும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சீட்டாடுவார்கள். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். டைல்ஸ்காரர் வேண்டுமென்றே தோற்பார். “நல்லதுதான்,” என்றான் கொஞ்சம் கழித்து. “நல்லதுதான் பண்ணே.” சொல்லும்போதே கண் நுழைவாயிலில் நின்ற போலீஸ்காரன் பக்கம் ஓடிற்று.

வண்டியோட்டி தன் வண்டிக் கதவில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லலாம் என்று அவள் பக்கத்தில் போனாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா,” என்றார் அவர், அவள் வாயைத் திறக்கும் முன்பே. “லைன் சரியில்லை, அவ்வளவுதான். எனக்கும் இங்க பிள்ளைகுட்டி இருக்கு. போயிட்டு வாங்க.”

டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கைபேசி அடித்தது. அதே எண். மேஸ்திரியிடம் இவள் எண்ணை வாங்கியிருக்க வேண்டும்.

“பக்கத்துல போலீஸ் இருக்கா?”

“இல்லை அண்ணி. வெளிய வந்துட்டோம். எங்க வீட்டுக்காரர்தான் இருக்காரு.”

“அண்ணின்னு கூப்பிடாதே. யாரும் கேக்கலை இப்ப.”

அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி மூடினாள்.

“நாலு பேரோட ரூம்ல இருக்கேன்னாரு,” என்றது குரல். அழுது அழுது வறண்டுபோயிருந்தது. “அதுல ஒருத்தன் குறட்டை விடுவான், தூங்கவே முடியலைன்னு சொல்வாரு. போன் பண்ணா அவன் குறட்டையைப் பத்தித்தான் மொதப் பேச்சு. அதுக்கு நாங்க சிரிப்போம். எம்பிள்ளைங்க அவனுக்குப் பேரெல்லாம் வெச்சிருக்கு. அதுவும் பொய்யா?”

“அது பொய்யில்லை,” என்றாள் அவள். “அது எங்க வீட்டுக்காரர்.”

கணவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்து அடங்கியது.

“எங்கிட்ட எதுக்கு மறைக்கணும்?”

“நீங்க தப்பா நெனச்சிடுவீங்கன்னு பயந்திருப்பாரு.”

“தப்பா நெனைக்க ஒண்ணுமே இல்லன்னா எதுக்குப் பயம்?”

ஒன்றுமே இல்லாததற்காகத்தான் அவர்கள் எல்லோரும் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது?

“அண்ணனாத்தான் இருந்தாரு,” என்றாள். “எம்பொண்ணு மேல சத்தியமா. அண்ணனா மட்டும்தான் இருந்தாரு.”

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, அந்தப் பெண் வரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போனுக்கு வந்தாள்.

“உன் குரல்ல பொய் தெரியலை,” என்றாள் கடைசியில்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஆனா போலீஸ் முன்னாடி பேசுனப்பவும்தான் தெரியலை,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

கைபேசியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? இன்னும் உண்மையாகப் பேசுகிறேன் என்றா? கணவன் எதுவும் கேட்கவில்லை. நான் அவ்வளவு சத்தமாகவா குறட்டை விடுகிறேன் என்று மட்டும் தெரு திரும்பும்போது முணுமுணுத்தான்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. காவலாளி எல்லாக் கதவையும் தட்டிச் சொல்லியிருந்தான். பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த மேல்வீட்டம்மாவே காவலாளியிடம் சாவி வாங்கித் திறந்து, பக்கத்து வீடுகளிலிருந்து மடக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தாள். படியேறும்போதே கணவன் அவள் முழங்கையைப் பிடித்தான்.

“கொஞ்சம் அழு,” என்றான் காதருகில். “காலையிலேர்ந்து கல்லு மாதிரி இருக்கே. கூடப்பிறந்தவன் செத்தா இப்படியா இருப்பாங்க? வீட்டுச் சொந்தக்காரர் வேற வந்திருக்காரு. அழுவுற மாதிரியாவது இரு.”

அவள் முயன்று பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே பயம் மட்டும்தான் இருந்தது. வேறு எதற்கும் அது இடம் விடவில்லை. பெண்கள் எழுந்து வந்து ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார்கள். யாருடைய தோளிலும் சரியாகச் சாயத் தெரியாமல் விறைத்துக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர் வாசற்படியிலேயே நின்று, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, உங்கள் அண்ணன் நல்ல மனிதர் என்றார். அவர் தன்னைச் சோதிக்கிறாரோ என்று அவள் மனம் அலைந்தது. அவர் போகும்வரை அவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்கள் போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை மேல்வீட்டில் தூங்கிவிட்டதாம். மேல்வீட்டம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “சின்ன வயசுல எப்படிம்மா இருப்பாரு உங்கண்ணன்?” என்றாள்.

நல்ல மனசோடு கேட்ட கேள்வி. துக்கத்தில் இருப்பவர்களிடம் யாரும் கேட்பதுதான். ஆனால் அவள் ஒற்றைப் பிள்ளை. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் சமையலறை வாசலில் டம்ளர் தட்டோடு அசையாமல் நின்றான்.

“சாதுதான்,” என்று ஆரம்பித்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். “ரொம்பப் பேச மாட்டாரு. ஸ்கூலுக்கு என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு. ரோடு தாண்டற எடத்துல மட்டும் கையை இறுக்கிப் பிடிப்பாரு. தாண்டுனதும் விட்டுடுவாரு, அவரு ஃப்ரெண்ட்ஸ் பாத்தா சிரிப்பாங்கன்னு.”

பெண்கள் லேசாகச் சிரித்தார்கள். மேல்வீட்டம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“ஸ்கூல்ல ஒரு பையன் என்னைத் தள்ளிவிட்டுட்டான். முட்டியில ரத்தம். இவரு வந்து அவனை ஒண்ணும் பண்ணலை. அடிக்கவெல்லாம் தெரியாது இவருக்கு. என் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாரு. வீட்டுக்குப் போக பயமா இருந்துச்சு, அம்மா திட்டும்னு. நான்தான் தள்ளிவிட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லிக்கறேன், நீ வான்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அந்த முழங்கால் ரத்தம் நினைவுக்கு வந்தது. அது மட்டும் நிஜம். பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை தனியாக உட்கார்ந்திருந்ததும் நிஜம். பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. இருந்திருந்தால் அவர் அப்படித்தான் செய்திருப்பார். செருமிவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவளுக்கு வாய் கோணியது. அடுத்த வார்த்தை வரவில்லை. “அண்ணே,” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பெண்களும் அழுதார்கள். முதுகைத் தடவினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். கூடப்பிறந்த பாசம் வேறெதுக்கு வரும் என்று யாரோ சொன்னார்கள். வெகுநேரம் இருந்துவிட்டு, அவளைக் கொஞ்சம் தனியாக விடுவோம் என்று ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். கடைசியாக மேல்வீட்டம்மா அவள் தலையைக் கோதிவிட்டுப் போனாள்.

கணவன் கதவைச் சாத்தினான். கதவுத் துளையில் கண்ணை வைத்து, காலடிச் சத்தம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பினான். அவன் முகத்தில் காலையிலிருந்து இல்லாத நிம்மதி தெரிந்தது.

“எல்லாரும் போயிட்டாங்க,” என்றான் தாழ்ந்த குரலில். “போதும்மா. எந்திரி.”

அவள் எழுந்திருக்கவில்லை.

“அதான் போயிட்டாங்கன்னு சொல்றேன்ல. யாரும் இல்லை. நிறுத்து, போதும்.”

அவள் நிறுத்தவில்லை. அவன் ஒரு நாற்காலியை எடுத்து மடக்கினான். இன்னொன்றை மடக்கப் போனவன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். மடக்கிய நாற்காலியை எங்கே சாய்ப்பது என்று தெரியாதவன்போலக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான்.